சிங்க் அடியில் சொட்டுகிறதா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு சிங்க்குக்கு அடியில் மூன்று மாதமாக ஒரு வாளி குடியிருந்தது. சொட்டும் இடத்தில் பசையை அப்பி அப்பிப் பார்த்தேன். ஒரு வாரம் தாங்கினால் பெரிசு. சிங்க் ஓட்டையையும் அடியில் போகும் பைப்பையும் இணைக்கும் வேஸ்ட் கப்ளிங் தேய்ந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும்.

கடைக்குப் போகும்போது பழைய கப்ளிங்கையும் பைப்பையும் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். பைப்பிலேயே 32 மி.மீ., 40 மி.மீ. என்று இரண்டு தினுசு உண்டு. வாயால் அளவு சொல்லி வாங்கிவிட்டு, சித்திரை வெயிலில் நான் இரண்டு தடவை அலைந்தேன்.

அடியில் இருக்கும் பெரிய நட்டு லேசில் அசையாது. போர் தண்ணீர் வீடென்றால் உப்பு வேறு பிடித்திருக்கும். வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்தால் இளகும். அப்புறம், ஓட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள். வாஷர் புதிதாக இருந்தும் கசிகிறதென்றால் பெரும்பாலும் இந்த அழுக்குதான் காரணம். வாஷர் மடங்காமல் உட்கார்ந்ததும் நட்டைக் கையால் இறுக்கி, ரிஞ்சில் கால் சுற்று கொடுத்தால் போதும். பலத்தைக் காட்டினால் பிளாஸ்டிக் நட்டு விரிந்துவிடும்.

பைப்பை நேராக இழுக்காமல் கீழே ஒரு வளைவு விடுங்கள். அதில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கும்.

சரி, கடைசியில் சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, அடியில் விரித்த செய்தித்தாள் நனைகிறதா என்று பாருங்கள். சொதி வைத்த சட்டியை மட்டும் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். தேங்காய்ப்பால் கொழுப்பு பைப்பில் படிந்துவிடும்.