கனிமத்தோட பேரை வச்சு அது எங்க கிடைக்கும்னு தேடுறது எப்படி

கல்லு சேர்க்க ஆரம்பிச்ச எல்லாருக்கும் வர்ற சந்தேகம்தான், இந்தப் பேரெல்லாம் எங்கிருந்து வருது, பேரை வச்சே ஊரைக் கண்டுபிடிச்சிடலாமானு. பாதி முடியும், மீதி பாதியில நல்லா ஏமாறுவோம், அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல்ல பேரோட வாலை எடுத்துடுங்க. முக்கால்வாசி பேர் 'ஐட்'னு முடியும், அது கிரேக்கத்துலேர்ந்து வந்த ஒட்டு, அதை எடுத்தா மிச்சம் இருக்குறது ஊரா, ஆளா, உள்ள இருக்குற தனிமமா, இல்ல பார்க்க எப்படி இருக்குங்கிறதானு பாருங்க. இல்மனைட்ல வாலை எடுத்தா இல்மன், ரஷ்யாவுல இருக்குற மலை. செரண்டிபைட்ல செரண்டிப், அதாவது இலங்கையோட பழைய பேரு, 1902-ல பிரயரும் நம்ம ஆனந்த குமாரசுவாமியும் சேர்ந்து வச்சது (கலை பத்தி எழுதினாரே அதே குமாரசுவாமிதான், முதல்ல அவர் கல்லு ஆராய்ச்சி பண்ணவர்). ஆர்மல்கோலைட்னா ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூணு பேர் பேர்லேர்ந்தும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எடுத்தது, அப்போலோ 11 கொண்டு வந்த நிலாக் கல்லுல கண்டுபிடிச்சாங்க.

வால் இல்லாத பேர் பெரும்பாலும் பழசு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கொரண்டம், அது நம்ம குருந்தம்தாங்க! மாணிக்கமும் நீலக்கல்லும் ரெண்டுமே இதுதான், குரோமியம் துளி கலந்தா சிவப்பு, இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தா நீலம். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில இது கிடைக்குது.

இப்ப ஏமாறுற இடத்துக்கு வருவோம். பேர்ல ஊர் இருந்தா அது சரியான ஊர்னு கூட நம்பாதீங்க, ஆண்டலூசைட்டுக்கு ஸ்பெயின்ல ஆண்டலூசியானு நெனச்சு பேர் வச்சுட்டாங்க, ஆனா அந்தக் கல்லு வந்தது அதுக்கு வடக்க ரொம்ப தூரத்துல இருக்குற குவாதலஹாரா பக்கம். இன்னொண்ணு, 'ஐட்'னு முடியுற எல்லாமே கனிமம் கிடையாது. பல்லாவரம், பரங்கிமலையில இருக்குற சார்னோக்கைட் பல கனிமம் சேர்ந்த பாறை, கொல்கத்தாவுல இருக்குற, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல்லை வச்சு வந்த பேரு.

அதனால பேரைப் பிரிச்ச கையோட கனிமங்களைப் பத்தின தகவல் இருக்குற மைண்டாட் (mindat.org) சைட்ல போய்த் தேடுங்க, இலவசம்தான். அங்க 'டைப் லோக்காலிட்டி'னு ஒண்ணு இருக்கும், முதன்முதலா விவரிச்ச சாம்பிள் வந்த இடம் அது. அதோட நிறுத்திடாதீங்க, கீழ மத்த இடங்களோட லிஸ்ட் இருக்கும், கல்லு வேணும்னா உங்களுக்கு வேண்டியது அந்த லிஸ்ட்தான். காவன்சைட்டை எடுத்துக்கோங்க, கால்சியம் வனேடியம் சிலிகேட்ங்கிறதைச் சுருக்கி வச்ச பேரு, முதல்ல கிடைச்சது அமெரிக்காவுல ஓரிகன்ல, ஆனா உலகத்துல இருக்குற அழகான நீலக் கொத்துல பெரும்பாலானது புனே பக்கத்துல வாகோலி குவாரியிலேர்ந்து வந்தது.

மோனசைட் இன்னும் சூப்பர். 'தனியா இருக்குறது'னு அர்த்தம் வர்ற கிரேக்கச் சொல்லு, ஏன்னா முதல்ல பார்த்த இடத்துல அது அவ்ளோ அரிது. அதே மோனசைட் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில இல்மனைட், கார்னெட், சிர்கானோட மண்ணோட மண்ணா கலந்து கிடக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறை தேய்ஞ்சு ஆத்துல வந்து, அலை லேசான மணலை அள்ளிட்டுப் போக, கனமான இதெல்லாம் கரையிலேயே தங்கிடுது. இதுல கதிர்வீச்சு வர்ற தோரியம் இருக்கு, சட்டத்துலயும் கட்டுப்பாடு உண்டு, அதனால பாக்கெட் போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க, அங்கேயே பார்த்துட்டு போட்டோ எடுத்துக்கோங்க.

மத்த கல்லு எடுத்தா, குவாரின்னா அனுமதி கேட்டுட்டு எடுங்க, அன்னைக்கே சின்னப் பேப்பர்ல கனிமத்தோட பேரு, ஊரு, எந்தக் குவாரி, தேதி எழுதி கல்லோடவே டப்பாவுல போட்டுடுங்க. பேரை அப்புறம் கூட டெஸ்ட் பண்ணித் திருத்திக்கலாம், ஊரை மறந்துட்டா கல்லைப் பார்த்து திரும்பக் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்.