ஊர் வீட்டில் நிற்கும் பழைய காரை எடுப்பதற்கு முன்

விமானம் ஏறிச் சாயங்காலம் ஊரில் வந்து இறங்கியவுடன் மறுநாளே அப்பாவின் பழைய காரை எடுத்துக்கொண்டு குற்றாலமோ பாபநாசமோ கிளம்பிவிட வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் ஆசை. தயவுசெய்து ஒரு நாள் பொறுங்கள். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற கார், தினமும் ஓடும் காரைவிட அதிகம் படுத்தும். ஒரு முழுக் காலையை அதற்கென ஒதுக்கிவிடுங்கள்.

சாவி போடும் முன் பானெட்டைத் திறங்கள். போன ஆடியில் பாளையங்கோட்டை வீட்டில் எங்கள் ஆல்டோவைத் திறந்தால், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தேங்காய் நாரையும் சாக்குப் பிசிறையும் அடைத்து எலி கூடு கட்டியிருந்தது, பக்கத்திலேயே ஒரு வயரின் தோல் உரிந்து உள்ளே செம்பு மினுங்கியது. பார்க்காமல் செல்ஃப் அடித்திருந்தால் ஷார்ட் ஆகியிருக்கலாம். கடிபட்ட வயருக்கு டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள், கார் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

அடுத்து பேட்டரி. செல்ஃப் அடித்தால் டக் டக்கென்று மட்டும் சத்தம் வருகிறதா? பெரும்பாலும் சார்ஜ் இறங்கியிருக்கும், இல்லையென்றால் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். உவரி, கூடங்குளம் பக்கம் கடல் காற்றில் இது இன்னும் சீக்கிரம் வரும். சுத்தம் செய்ய வயர்களைக் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்ததும் வாஸ்லைன் தடவுங்கள். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும்.

டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேடுகள்) தேயவில்லை என்று மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 1516 என்றால் 2016ஆம் ஆண்டின் 15ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழைய டயரை, அதுவும் பக்கத்தில் வெடிப்பு விட்டிருந்தால், வள்ளியூர் நாற்கரச் சாலையில் மே மாத வெயிலில் ஓட்டவே கூடாது. ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள், அதை யாருமே பார்ப்பதில்லை.

ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம் ஊரில் நிறைய வீடுகளில் உண்டு. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து அடைத்துவிடும், இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலண்ட்தான் ஊற்ற வேண்டும். வழியில் சூட்டு முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

2023 டிசம்பர் வெள்ளம் போல எப்போதாவது கார் தண்ணீரில் நின்றிருந்தால் சாவியே போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே போய்விடும். வொர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்துப் போவதுதான் வழி.

இன்சூரன்ஸ், புகைச் சான்று, 15 வருடம் தாண்டிய வண்டியென்றால் ஆர்சி புதுப்பித்த தேதி, எல்லாவற்றையும் விமானம் ஏறும் முன்பே வீட்டில் கேட்டுவிடுங்கள்.

திரும்பும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். எங்கள் வண்டியில் மழைக்காலம் முழுக்க அப்படியே கிடந்து பின்சக்கரம் பிரேக் டிரம்மோடு பிடித்துக்கொண்டது, மெக்கானிக் அண்ணாச்சி வந்து சுத்தியலால் தட்டித்தான் விடுவித்தார். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள்.