ஸ்மார்ட் பல்பும் பிளக்கும் ஆப்பில் சேர மறுத்தால்: எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி

ஆப்பில் வட்டம் சுற்றுகிறது, இரண்டு நிமிடம் கழித்து "இணைக்க முடியவில்லை" என்கிறது. உடனே ஆப்பை நீக்கி மறுபடி நிறுவுவார்கள். அதில் அநேகமாக ஒரு பயனும் இல்லை. போன், சாதனம், ரவுட்டர், நிறுவனத்தின் சர்வர் என்று நான்கு பேர் கைகோர்க்க வேண்டிய வேலை இது. எந்தக் கை நழுவுகிறது என்று தெரிந்தால் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

முதலில் விளக்கைப் பாருங்கள்

சாதனம் சேரத் தயாராக இருக்கிறதா என்பதை அதன் சின்ன விளக்கு சொல்லிவிடும். துயா என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் ஓடும் பிளக், பல்புகளில், ஸ்மார்ட் லைஃப் ஆப்பில் சேர்பவை இவைதான், நொடிக்கு இரண்டு தடவை வேகமாக மினுக்கினால் ஒரு வகை இணைப்பு முறை. மூன்று நொடிக்கு ஒரு தடவை மெதுவாக மினுக்கினால் வேறு வகை இணைப்பு முறை, இரண்டின் வித்தியாசம் கீழே வருகிறது. மினுக்கவே இல்லையென்றால் அது யாரையும் எதிர்பார்க்கவில்லை, ஆப் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. பிளக்கில் பொத்தானை 5 நொடிக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பல்பில் சுவிட்சை ஒரு நொடி இடைவெளியில் மூன்று தடவை அணைத்துப் போட வேண்டும். சில கம்பெனிகளில் ஐந்து தடவை. மினுக்கல் பொதுவாக மூன்று நிமிடத்தில் நின்றுவிடும். கடவுச்சொல்லைத் தேடி எடுத்து வருவதற்குள் நேரம் போயிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.

இந்த "மூன்று தடவை" கணக்கில் ஒரு சங்கடம் உண்டு. மழை இரவில் கரண்ட் இரண்டு மூன்று தடவை விட்டுவிட்டு வந்தால், யாரோ வேண்டுமென்றே சுவிட்சைத் தட்டியதாக பல்பு நினைத்துக்கொண்டு பழைய வைஃபையை மறந்துவிடும். நேற்றுவரை ஒழுங்காக இருந்த பல்பு கரண்ட் வந்ததும் தானாக மினுக்கினால் அது கெட்டுப்போகவில்லை, மறுபடி சேர்த்தால் போதும். தொழில்நுட்பக் கோளாறு என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகாதீர்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் விவகாரம்

இந்தச் சாதனங்களில் பெரும்பாலானவற்றின் சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் அதன் காதிலேயே விழாது. இன்றைய ரவுட்டர்களோ இரண்டையும் ஒரே பெயரில் விடுகின்றன. போன் வேகமான 5-ஐப் பிடித்துக்கொள்கிறது.

வேகமாக மினுக்கும் முறையில் போன் உங்கள் கடவுச்சொல்லை வைஃபை பாக்கெட்டுகளின் நீளத்தில் ஒளித்து காற்றில் விடுகிறது. இன்னும் எந்த வைஃபையிலும் சேராத பிளக் அதை ஒட்டுக்கேட்டுப் புரிந்துகொள்கிறது. போன் 5-இல் பேசினால் 2.4-இல் காது வைத்திருக்கும் பிளக்குக்கு ஒன்றும் கேட்காது. மெதுவாக மினுக்கும் முறையில் அந்தச் சிக்கல் இல்லை. சாதனமே ஒரு ஹாட்ஸ்பாட் திறக்கும், போன் அதில் போய் கடவுச்சொல்லை நேரில் ஒப்படைக்கும். புளூடூத் உள்ள புதிய மாடல்களும் இப்படித்தான், ஹாட்ஸ்பாட்டுக்குப் பதில் புளூடூத் வழியாக. ஆகவே வேகமான முறை தோற்றால் மெதுவான முறைக்குப் போங்கள். பொத்தானை இன்னொரு தடவை 5 நொடி அழுத்தினால் மாறும். ஆனால் எந்த முறையில் சேர்த்தாலும் ரவுட்டரில் 2.4 ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

போன் பக்கம்

ஆண்ட்ராய்டில் லொகேஷன் அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது, லொகேஷனையே ஆன் செய்திருக்க வேண்டும். வைஃபையின் பெயரை ஆப் படிப்பதற்கே அது தேவை. ஆண்ட்ராய்டு 12 முதல் "அருகிலுள்ள சாதனங்கள்" என்ற அனுமதி தனி. ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் "லோக்கல் நெட்வொர்க்" என்றொரு அனுமதி வந்தது. முதல் தடவை அவசரத்தில் "வேண்டாம்" என்று தட்டியிருந்தால் ஆப் மறுபடி கேட்காது. அமைப்புகள், தனியுரிமை, லோக்கல் நெட்வொர்க் என்று போய் நீங்களே ஆன் செய்ய வேண்டும்.

விபிஎன், விளம்பரத் தடுப்பு ஆப் இரண்டையும் நிறுத்துங்கள். மொபைல் டேட்டாவையும் அணையுங்கள்: சாதனத்தின் ஹாட்ஸ்பாட்டில் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் போன் கமுக்கமாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். "இன்டர்நெட் இல்லை, இருந்தாலும் இணைந்திருக்கவா" என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள்.

குற்றவாளி யார் என்று காட்டும் ஒரே சோதனை

வீட்டில் இரண்டு போன் இருந்தால் ரவுட்டரில் கை வைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

1. முதல் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள். ஐபோன் 12-ம் அதற்குப் பிந்தையதும் என்றால் "மேக்ஸிமைஸ் காம்பாட்டிபிலிட்டி" என்பதை ஆன் செய்ய வேண்டும்.
2. பெயரும் கடவுச்சொல்லும் வெறும் ஆங்கில எழுத்து, எண்களாக இருக்கட்டும்.
3. இரண்டாவது போனை அந்த ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அதில் ஆப்பைத் திறந்து சாதனத்தைச் சேருங்கள்.

சேர்ந்துவிட்டால் சாதனமும் ஆப்பும் சரி, சிக்கல் ரவுட்டரில். இதிலும் சேரவில்லை என்றால், மினுக்கலும் அனுமதிகளும் சரியாக இருந்தும் சேரவில்லை என்றால், வாரன்டி அட்டையைத் தேடலாம்.

ரவுட்டரில் என்ன பார்ப்பது

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளே நுழையும் முகவரி இருக்கும், பலவற்றில் 192.168.1.1, ஜியோ ஃபைபரில் 192.168.29.1. உள்ளே போனதும் 2.4-க்கும் 5-க்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். பிரிக்க விடாத ரவுட்டர் என்றால், சாதனத்தைச் சேர்க்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்துவிடலாம். சேர்ந்த பிறகு போன் 5-இல் இருந்தாலும் குறையில்லை.

பாதுகாப்பு முறை வெறும் டபிள்யூபிஏ3 என்றிருந்தால் பழைய சிப்புகள் வாசலிலேயே நின்றுவிடும். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வையுங்கள். கலப்பு முறை சிலவற்றுக்கு ஒத்துவரும், சிலவற்றுக்கு ஒத்துவராது. சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாகவும் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகவும் நிறுத்துங்கள். தானியங்கி அமைப்பு சில சமயம் 12, 13-க்குப் போய்விடும். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த சாதனத்துக்கு அந்த சேனல்கள் இருப்பதே தெரியாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த பிளக் அடம்பிடித்தால் முதலில் இதைப் பாருங்கள். ஏபி ஐசொலேஷன் ஆனாக இருந்தால் போனும் பிளக்கும் ஒரே வீட்டில் இருந்தும் முகம் பார்க்காது. கெஸ்ட் வைஃபையில் இது பெரும்பாலும் ஆனாகவே வரும். விடுதி, மேன்ஷன் வைஃபை போல உலாவியில் ஓடிபி கேட்கும் இணைப்பு என்றால் முயல வேண்டாம். பிளக்குக்கு ஓடிபி போடத் தெரியாது.

வைஃபைக்குத் தமிழில் பெயர் வைப்பது அழகுதான், ஆனால் சில சாதனங்கள் அதில் தடுமாறும். பெயருக்கு இருக்கும் இடமே 32 பைட். தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக 3 பைட் பிடிக்கும். "தமிழ்" என்ற சொல்லுக்கே 15 பைட். "தமிழ் இல்லம்" 34 பைட் ஆகி எல்லையைத் தாண்டிவிடுகிறது. பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்ட வெற்றிடமும் இதே தொல்லையைத் தரும், கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வித்தியாசம்.

சேர்ந்த பிறகு "ஆஃப்லைன்"

இது வேறு நோய். போனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டு, பிளக் இருக்கும் இடத்தில் 2.4-இன் சிக்னலைப் பாருங்கள். மைனஸ் 50 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு) நல்லது. மைனஸ் 70 வரை சமாளிக்கும். மைனஸ் 80-ஐ நெருங்கினால் அடிக்கடி அறுந்துபோகும். சுவிட்ச்போர்டின் இரும்புப் பெட்டிக்குள் வைக்கும் மாட்யூலுக்கு (சாதாரண சுவிட்சை ஸ்மார்ட்டாக்கும் சின்னக் கருவி) இன்னும் குறைவாகவே கிடைக்கும், போனை வெளியே பிடித்து அளந்த எண்ணை நம்பாதீர்கள்.

கரண்ட் போய் வந்தபின் ஆஃப்லைன் என்றால் ஐந்து நிமிடம் பொறுங்கள். பல்பு உடனே விழித்துக்கொள்ளும், ரவுட்டர் மெதுவாகத்தான் எழும். அதற்குள் ரீசெட் செய்தால் நேர அட்டவணை, குழு எல்லாம் போய்விடும்.

ரவுட்டரை மாற்றுகிறீர்களா? புதியதில் பழைய வைஃபையின் அதே பெயர், அதே கடவுச்சொல், அதே பாதுகாப்பு முறை மூன்றையும் வையுங்கள். பெரிய எழுத்து சின்ன எழுத்துகூட மாறக் கூடாது. வீட்டில் இருபது பல்பு இருந்தாலும் ஒன்றையும் மறுபடி சேர்க்க வேண்டியிருக்காது.

வேறு சில

பெட்டியில் ஜிக்பீ (வைஃபை அல்லாத வேறு வகை ரேடியோ) என்று போட்டிருந்தால் அது போனோடு நேராகப் பேசாது, நடுவில் நின்று பேசும் ஹப் என்ற பெட்டி வேண்டும். சுவர் மாட்யூலில் விளக்கே எரியவில்லை என்றால் அநேகமாக நியூட்ரல் கம்பி இல்லை. அதே போர்டில் மூன்று பின் சாக்கெட் இருந்தால் உள்ளே நியூட்ரல் இருக்கும். எம்சிபியை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர் வழியாக வரும் லைனில் ஸ்மார்ட் பல்பைப் போடக் கூடாது.

சேர்க்கும்போது போன் திரையில் வரும் க்யூஆர் கட்டத்தைப் படிக்க மறுக்கும் வைஃபை கேமராவுக்கு, லென்ஸ் மேலிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரியுங்கள், திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றி 15 முதல் 20 செ.மீ. தூரத்தில் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். "வேறு கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது" என்று வந்தால், அது செகண்ட் ஹேண்ட் கேமராவாக இருந்தால், பழைய உரிமையாளர்தான் தன் ஆப்பிலிருந்து நீக்க வேண்டும். பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் நடக்காது. பணம் கொடுப்பதற்கு முன்பே அவரை நீக்கச் சொல்லிவிடுங்கள்.

மேட்டர் (பல நிறுவனங்களின் ஸ்மார்ட் சாதனங்களுக்குப் பொதுவான தரம்) முத்திரை உள்ள சாதனத்தில் 11 இலக்கக் குறியீடு ஒட்டியிருக்கும். சுவருக்குள் மூடுவதற்கு முன் அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதைப் படிக்க போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.