வேதபாடக் குழுவுக்கு எந்தச் செயலி? நீங்களே சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறை

பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பைபிளில் வாரம் ஒரு அதிகாரம் படிக்கும் குழுவுக்கு இரண்டு வகைச் செயலி வேண்டும்: பேசிக்கொள்ள ஒன்று, வேதத்தைப் படிக்க ஒன்று. பல குழுக்கள் இரண்டையும் வாட்ஸாப்பிலேயே முடித்துக்கொள்ளப் பார்க்கின்றன. வசனப் படங்களும் காலை வணக்கங்களும் ஜெபக் குறிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குவிய, போன வாரம் படித்த பகுதியைத் தேடி எடுப்பதே பெரும்பாடாகிவிடுகிறது.

ப்ளே ஸ்டோர் நட்சத்திரங்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். தமிழில் தேடினால் என்ன கிடைக்கும் என்பதை அவை சொல்லாது. கீழே உள்ள சோதனைகளை ஒவ்வொரு செயலியிலும் ஒரே மாதிரி செய்து, விடையை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேதச் செயலிகளில் யூவெர்ஷனையும் ஆண்ட்பைபிளையும், பேசும் செயலிகளில் வாட்ஸாப், டெலிகிராம், சிக்னல் மூன்றையும் எடுத்துக்கொண்டால் போதும். எல்லாம் இலவசம். ஆண்ட்பைபிள் ஆண்ட்ராய்டுக்கானது என்பதால், குழுவில் ஐபோன் வைத்திருப்பவர் யார் யார் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 1: பழைய போனில் தொடங்குங்கள்

குழுவில் இருப்பதிலேயே பழைய, இடம் குறைந்த போனை வாங்கி அதில் நிறுவுங்கள். உங்கள் புதுப் போனில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். எழுத்தை மிகப் பெரிதாக்கி, வரிகள் திரைக்கு வெளியே போகாமல் மடங்குகின்றனவா என்று பாருங்கள்.

படி 2: இணையம் இல்லாமல் திறங்கள்

தமிழ் மொழிபெயர்ப்பைப் பதிவிறக்கி, ஏர்ப்ளேன் மோடைப் போட்டு, செயலியை முழுதாக மூடி மறுபடி திறங்கள். இதுவரை திறக்காத ஓர் அதிகாரத்துக்குப் போங்கள். ஏற்கெனவே பார்த்த அதிகாரம் போனின் நினைவில் தங்கியிருந்து ஏமாற்றிவிடலாம். யூவெர்ஷனில் எல்லா மொழிபெயர்ப்பையும் பதிவிறக்க முடியாது. பட்டியலில் பதிவிறக்கக் குறி உள்ளவற்றை மட்டுமே முடியும். ஆண்ட்பைபிள் நூல்களைப் போனிலேயே இறக்கி வைத்துப் படிக்கும் செயலி. நிறுவியதும் அதன் பட்டியலில் தமிழில் எவை இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள்.

படி 3: தமிழில் தேடுங்கள்

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. இந்திய வேதாகமச் சங்கத்தின் பழைய மொழிபெயர்ப்பில் “அன்பு” என்று தேடுங்கள். 1 கொரிந்தியர் 13:4 வந்துவிடும். யோவான் 3:16 வருகிறதா? அங்கே “அன்புகூர்ந்தார்” என்று ஒரே சொல்லாக இருப்பதால், முழுச்சொல்லை மட்டும் தேடும் செயலி அதை விட்டுவிடும். அடுத்து 1 யோவான் 4:8. அங்கே வருவன “அன்பில்லாதவன்”, “அன்பாகவே”. இரண்டிலும் “பு” இல்லை. சொல்லின் பகுதியைத் தேடும் செயலியாக இருந்தாலும் “அன்பு” என்று கொடுத்தால் இந்த வசனம் சிக்காது.

ஆகவே “அன்ப” என்று கடைசி உகரத்தை விட்டுத் தேடுங்கள். பகுதிச்சொல் தேடல் உள்ள செயலியில் மூன்று வசனங்களும் வரும். எதுவுமே வரவில்லையென்றால் அது முழுச்சொல் தேடல். சொல்லுக்குப் பின் நட்சத்திரக் குறி இட்டுப் பாருங்கள், சில செயலிகள் அதை ஏற்கும். சிலவற்றில் முதல் தேடலுக்கு முன் சொல்லடைவு (எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற பட்டியல்) உருவாக்கச் சொல்லும். பழைய போனில் அது முடியச் சற்று நேரம் பிடிக்கும், நடுவில் மூடிவிடாதீர்கள்.

கத்தோலிக்கரும் சேர்ந்த குழுவென்றால் புத்தகப் பெயரையும் பாருங்கள். ஆதியாகமம் என்று தேடுபவருக்கு, அதே நூலுக்குக் கத்தோலிக்கர் வழங்கும் தொடக்கநூல் என்ற தலைப்பு கண்ணில் படாது.

படி 4: வசனத்தைக் குழுவுக்கு அனுப்புங்கள்

படமாக அனுப்பாதீர்கள். படத்திலுள்ள வசனத்தைக் குழுவில் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் திரைவாசிப்பானும் அதைச் சரியாக வாசிக்கும் என்று நம்ப முடியாது. எழுத்தாகப் பகிர்ந்து, வசன எண் கூடவே வருகிறதா என்று பாருங்கள். எல்லோரும் “1 யோவான் 4:8” என்ற ஒரே வடிவில் எழுதுவதென்று முதல் வாரமே பேசி முடிவு செய்தால், பிறகு குழுவில் தேடுவது சுலபம்.

அந்த வாரப் பகுதியை உரையாடலின் மேலேயே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்யுங்கள். வாட்ஸாப்பில் 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று தேர்ந்தெடுக்கலாம். வாரக் கூடுகைக்கு 7 நாள் பொருந்தும். டெலிகிராமில் நீங்களாக எடுக்கும்வரை நிற்கும்.

படி 5: பாடக்குறிப்பும் ஜெபக்குறிப்பும் வேறு வேறு இடத்தில்

டெலிகிராமில் புதிதாகச் சேர்பவர் பழைய பாடங்களைப் பார்க்கும்படி அமைக்கலாம். குழு அமைப்பில் பழைய உரையாடல் தெரியும்படி மாற்ற வேண்டும். பாடக்குறிப்புக்கு இது அருமையான வசதி. ஆனால் டெலிகிராம் குழுவின் செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்படுவதில்லை. அந்தப் பாதுகாப்பு இருவர் மட்டும் பேசும் ரகசிய உரையாடலுக்குத்தான். வாட்ஸாப்பிலும் சிக்னலிலும் குழுவுக்கும் உண்டு.

ஜெபக்குறிப்பில் நோய், கடன், குடும்பச் சண்டை எல்லாம் வரும். அதற்குத் தனியாக ஒரு வாட்ஸாப் அல்லது சிக்னல் குழு தொடங்கி, செய்திகள் தானாக அழியும் ‘மறையும் செய்திகள்’ வசதியை 7 நாளுக்கு வையுங்கள். நகலெடுப்பதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதையும் இது தடுக்காது. அதனால் பிறருடைய பெயரை அவர்கள் சம்மதமின்றி அங்கே எழுத வேண்டாம். வாட்ஸாப் குழுவில் ஒவ்வொருவரின் போன் எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதைப் பெண்களிடம் சேர்க்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 6: போன் தொலைந்தால்?

ஒரு வசனத்துக்கு நிறம் தீட்டி, குறிப்பொன்று எழுதி, இன்னொரு போனில் அதே செயலியைத் திறந்து பாருங்கள். யூவெர்ஷனில் கணக்குடன் உள்ளே நுழைந்தால் குறிப்பு அங்கேயும் வரும். ஆண்ட்பைபிளில் கணக்கே தேவையில்லை. பதிலுக்குக் காப்புப்பிரதி (பேக்கப்) எடுக்கும் பொறுப்பு உங்களுடையது. படிப்பவர்களுக்கு யூவெர்ஷன் போதும். பாடம் நடத்துபவருக்கு இரு மொழிபெயர்ப்புகளை ஒரே திரையில் அருகருகே வைக்கும் ஆண்ட்பைபிள்தான் ஏற்றது. அவர் மாதம் ஒருமுறையாவது காப்புப்பிரதி எடுத்து, அதைப் போனுக்கு வெளியே வைக்க வேண்டும்.