டெக்சஸில் இடுப்பில் துப்பாக்கி: புதிதாக வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் குடியேறுகிறவர்கள் என்றாவது ஒரு நாள் இதைப் பார்க்க நேரிடும். மளிகைக் கடையில் பால் எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் இடுப்பில், உறைக்குள் ஒரு கைத்துப்பாக்கி. அவர் போலீஸ் இல்லை, சாதாரண ஆள். ஊரில் வங்கி வாசல் காவலாளியிடம் மட்டுமே துப்பாக்கியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். ஆனால் டெக்சஸில் அது சட்டப்படி சரி.

2016 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. 2021 செப்டம்பர் 1 முதல் அந்த லைசென்ஸும் கட்டாயமில்லை. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர் மறைத்தும் கொண்டுபோகலாம். வெளியே தெரிய வைத்திருந்தால் உறைக்குள் இருக்க வேண்டும். உறைக்குள் இருக்கும்வரை உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போங்கள். முறைக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். அதைக் கையில் எடுத்து ஒருவர் மிரட்டினால் கதையே வேறு. அங்கிருந்து வெளியேறி 911-ஐ அழையுங்கள்.

உணவகம், மருத்துவமனை வாசல்களில் 30.05, 30.06, 30.07 என்ற எண்களோடு பலகைகள் இருக்கும். 30.07 என்றால் லைசென்ஸ் உள்ளவரும் வெளியே தெரியும்படி கொண்டுவரக் கூடாது. 30.06 என்றால் அவர் மறைத்துக் கொண்டுவரக் கூடாது. 30.05 லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோடு வருபவர்களுக்கானது. சிவப்பில் 51% என்று பெரிதாக இருந்தால், வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிற கடை அது. அங்கே துப்பாக்கி கொண்டுபோவது பெருங்குற்றம். 2019-இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, வழிபாட்டு இடங்களிலும் நிர்வாகம் தடை சொல்லாவிட்டால் லைசென்ஸ் உள்ளவர் கொண்டுவரலாம். கோயில் கமிட்டியில் இருப்பவர்கள் வாசலில் பலகை வேண்டுமா என்பதை இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும்.

இதெல்லாம் பக்கத்தில் இருப்பவரைப் பற்றி. உங்களைப் பற்றிய சட்டம் வேறு, அதைத்தான் நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 என எந்தத் தற்காலிக விசாவில் வந்திருந்தாலும், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் தடை செய்கிறது. மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இந்தத் தடை மாறாது. விதிவிலக்குகள் மிகச் சில. அதில் நமக்குப் பொருந்தக்கூடியது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். மீறினால் 15 ஆண்டு வரை சிறை, அதற்குப் பிறகு நாடு கடத்தலும் காத்திருக்கும்.

எனவே அலுவலக நண்பர் "சனிக்கிழமை ரேஞ்சுக்கு வா, சும்மா ரெண்டு ரவுண்டு சுடலாம்" என்று கூப்பிட்டால் யோசியுங்கள். சுடுவதற்குக் கையில் வாங்கினாலே அது சட்டத்தின் கண்ணில் 'வைத்திருத்தல்' ஆகலாம். அதைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது உங்களுக்கு எதிரான சாட்சியத்தை நீங்களே எழுதிக் கொடுப்பது. போக ஆசை இருந்தால் முதலில் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். நண்பரின் காரை இரவல் வாங்கும்போது டாஷ்போர்டு அறையில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். இரவல் பையோடு விமான நிலையம் போவதற்கு முன் எல்லா ஜிப்பையும் திறந்து பாருங்கள். 2023-இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. 'மறந்து வைத்துவிட்டேன்' என்ற பதில் விசாவில் இருப்பவரைக் காப்பாற்றாது.

கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு உள்ளவரையும் நாடு கடத்த முடியும். வீட்டில் ஒருவருக்குக் கிரீன் கார்டு, மற்றவர் இன்னும் விசாவில் என்றால், துப்பாக்கி பெட்டகத்தில் இருக்கட்டும். அதன் சாவி விசாவில் இருப்பவர் கைக்கு எட்டவே கூடாது.

அப்புறம், மாநில எல்லை. பர்மிட் இல்லாமலே துப்பாக்கி கொண்டுபோகலாம் என்று சொல்லும் மாநிலங்கள் இப்போது 29. நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் அதற்கு நேர் எதிர். நியூயார்க்கில் பர்மிட் வாங்க 'தகுந்த காரணம்' காட்ட வேண்டும் என்ற பழைய விதியை 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனாலும் பர்மிட் இன்றும் கட்டாயம்தான். டைம்ஸ் சதுக்கத்திலும் சுரங்க ரயிலிலும் பர்மிட் இருந்தாலும் கூடாது. நியூ ஜெர்சி மற்ற மாநில பர்மிட்டை ஏற்பதே இல்லை. 2013-இல் பென்சில்வேனியா பர்மிட் வைத்திருந்த ஓர் இளம் தாய் எல்லை தாண்டி நியூ ஜெர்சிக்குள் வந்தார். போலீஸ் வண்டியை நிறுத்தியபோது, தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே நேர்மையாகச் சொன்னார். உடனே கைது; சில ஆண்டு சிறை உறுதி என்ற நிலை. கடைசியில் 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்த பிறகுதான் அவருக்கு முழுதாக விடிவு வந்தது. குடியுரிமை உள்ளவருக்கே இந்த அலைச்சல். நியூ ஜெர்சியின் எடிசனில் குடியிருந்து பென்சில்வேனியாவின் ஃபிலடெல்ஃபியாவுக்கு வாராவாரம் போய்வரும் கிரீன் கார்டுக்காரர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

போலீஸ் விஷயமும் இதோடு சேர்ந்தது. ஊரில் போலீஸ் நிறுத்தினால் இறங்கிப் போய்ப் பேசுவோம். இங்கே இறங்கவே கூடாது. எந்தக் காரிலும் துப்பாக்கி இருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் அதிகாரி உங்களை நெருங்குகிறார். இரவானால் உள்விளக்கைப் போடுங்கள், இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வையுங்கள். ஓட்டுநர் லைசென்ஸ் கேட்டால், "பர்ஸ் பின் பாக்கெட்டில் இருக்கிறது, எடுக்கட்டுமா?" என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மா பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பதற்றத்தில் கதவைத் திறப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

குழந்தைகளைப் பள்ளி நண்பர் வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது, "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். நமக்குக் கூச்சமாக இருக்கும். இங்குள்ள பெற்றோர் பலருக்கு இது நாய் இருக்கிறதா, நீச்சல் குளம் இருக்கிறதா என்பது போன்ற சாதாரணக் கேள்வி. பதில் மழுப்பலாக வந்தால், அந்தக் குழந்தையை உங்கள் வீட்டுக்கு விளையாட வரச் சொல்லுங்கள்.