மீட்டரைப் பார்க்காதீர்கள், வருடத்தைப் பாருங்கள்: பழைய காரின் டைமிங் பெல்ட்

பழைய கார் வாங்கினால் டைமிங் பெல்ட் (இன்ஜினில் பிஸ்டனையும் வால்வுகளையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பல் வைத்த பட்டை) மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு, கார் தயாரான வருடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, கார் வருடம் முழுக்க ஷெட்டில் நின்று, கல்யாணத்துக்கும் பிள்ளையார்பட்டி போய்வரவும்தான் வெளியே வரும். 10 வருடக் கார் 30,000 கிலோமீட்டர்தான் காட்டும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் பெல்ட் ரப்பர். ஓடாவிட்டாலும் வெக்கையிலும் வயதிலும் இறுகிப்போகும். அதனால்தான் பல கார்களின் கையேட்டில் கிலோமீட்டர், வருடம் இரண்டையும் போட்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் இடித்து வளைத்துவிடும், அப்புறம் வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பாகமான ஹெட்டையே கழற்ற வேண்டிவரும்.

பெல்ட் கவரைத் திறந்து பார்த்து, பல்லடியில் மயிரிழை வெடிப்போ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் காத்திருக்க வேண்டாம். பளிச்சென்று இருந்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில் ஓடினால் அதையும் சேர்த்தே போடுங்கள், பிரிக்கிற கூலி மிச்சம்.

பெல்ட்டுக்குப் பதில் உலோகச் சங்கிலி, அதாவது டைமிங் செயின் உள்ள கார்களுக்கு இது பொருந்தாது. ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் டீசலில் செயின், டஸ்டரின் 1.5 லிட்டர் டீசலில் பெல்ட். செயின் என்றால் ஆயிலை நேரத்துக்கு மாற்றி, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கடகடவென்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள்.