சூரிக்கா, மியூனிக்கா? செலவை ஒப்பிடும்போது நம் ஆட்கள் செய்யும் தவறுகள்

ஜெர்மனியின் மியூனிக்கில் ஆண்டுக்கு 85,000 யூரோ, சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் 1,20,000 பிராங்க். ஐடி வேலையில் இருக்கும் ஒருவர் கையில் இப்படி இரண்டு ஆஃபர் இருந்தால் என்ன செய்வார்? இரண்டையும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பார். அப்புறம் ஏதாவது ஒரு விலைவாசித் தளத்தில் இரண்டு ஊரின் பெயரையும் போடுவார். சூரிக் இத்தனை சதவீதம் கூடுதல் என்று ஒரு எண் வரும். அதைச் சம்பள வித்தியாசத்தோடு வைத்துப் பார்த்து முடிவெடுத்துவிடுவார்.

இந்தக் கணக்கு தப்புவதற்கு முக்கியக் காரணம் ஒன்றுதான். ஜெர்மனியில் பெரிய செலவுகள் பலவற்றைச் சம்பளம் கைக்கு வரும் முன்பே பிடித்துவிடுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் அதே செலவுகள் சம்பளம் வந்த பிறகு பில்லாக வீடு தேடி வருகின்றன. அதனால் இரண்டு ஊரின் நிகரச் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது.

மருத்துவக் காப்பீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் அரசுக் காப்பீட்டில் உங்கள் சம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் போகும், பாதியைக் கம்பெனி கட்டும். வேலைக்குப் போகாத மனைவியும் பிள்ளைகளும் தனியாக ஒரு சென்ட் கட்டாமல் அதிலேயே அடக்கம். சுவிட்சர்லாந்தில் தலைக்கு ஒரு பிரீமியம். சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கம்பெனியும் பங்கு தராது. 2025இல் பெரியவர் ஒருவருக்கு நாட்டுச் சராசரி மாதம் சுமார் 450 பிராங்க், பிள்ளைக்கு சுமார் 118. நான்கு பேர் குடும்பம் என்றால் மாதம் 1,100 பிராங்குக்கு மேல்.

பிரீமியத்தோடு முடிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. ஆண்டுக்கு முதல் 300 முதல் 2,500 பிராங்க் வரை மருத்துவச் செலவு உங்களுடையது. இதை பிரான்சீஸ் என்கிறார்கள். எந்தத் தொகை என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கூட்டினால் பிரீமியம் குறையும். அதைத் தாண்டினாலும் 10 சதவீதம் உங்கள் பங்கு, ஆண்டுக்கு 700 பிராங்க் வரை. பிள்ளைகளுக்கு பிரான்சீஸ் கிடையாது. பல் வைத்தியம் அடிப்படைக் காப்பீட்டில் பெரும்பாலும் வராது. ஆம்புலன்ஸில் போனால் பாதிச் செலவைத்தான் தருவார்கள், அதுவும் சாதாரண மருத்துவப் போக்குவரத்துக்கு ஆண்டுக்கு 500 பிராங்க் வரைதான். நாட்டுக்குள் வந்து மூன்று மாதத்துக்குள் காப்பீடு எடுக்க வேண்டும். "மூன்றாவது மாதம் எடுத்தால் இரண்டு மாதப் பணம் மிச்சம்" என்று சிலர் நினைப்பார்கள். வந்த நாளிலிருந்து கணக்கிட்டு வாங்கிவிடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சுவிட்சர்லாந்து அரசே வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டில் இந்த பிரீமியம் சேராது. பால், முட்டை, பஸ் டிக்கெட் விலையை வைத்து ஒப்பிடும் தளங்கள் எதைத் தவறவிடுகின்றன என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

சரி, அந்த இரண்டு ஆஃபரையும் விரித்துப் பார்ப்போம். ஒருவர் சம்பாத்தியம், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள், 2025 கணக்கு. மியூனிக்கில் மாதச் சம்பளம் 7,083 யூரோ. வரி, ஓய்வூதியம், மருத்துவம் எல்லாம் போகக் கைக்கு சுமார் 4,800. பிள்ளைக்கு 255 வீதம் அரசு தரும் கிண்டர்கெல்ட் 510. ஆக 5,300 யூரோ. சூரிக்கில் மாதம் 10,000 பிராங்க். சமூகக் காப்பீடு, கம்பெனி ஓய்வூதிய நிதி, வரி எல்லாம் போக ஏறத்தாழ 8,000. பிள்ளைப் படி 430 சேர்த்து, காப்பீட்டு பிரீமியத்தைக் கழித்தால் 7,300 பக்கம். முதலில் தெரிந்த இடைவெளி பாதியாகக் கூடக் குறையவில்லை, ஆனால் நன்றாகவே சுருங்கிவிட்டது. இதற்கு மேல்தான் வாடகை.

இந்த மியூனிக் கணக்கில் ஒரு கண்ணி உண்டு. 4,800 என்பது மூன்றாம் வரி வகுப்பில், அதாவது மணமாகி ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்துக்கான குறைந்த வரியில், வரும் தொகை. குடும்பம் சென்னையில் இருக்க நீங்கள் மட்டும் முதலில் போனால் அந்த வகுப்பு கிடைக்காது; தனி ஆளுக்கான ஒன்றாம் வகுப்புதான். மாதம் 500 யூரோவுக்கு மேல் குறையும். சூரிக் பக்கமும் ஒரு கண்ணி: பல கம்பெனிகள் ஆண்டுச் சம்பளத்தைப் பதிமூன்றாகப் பிரித்துக் கொடுக்கும். அப்போது மாதம் வருவது 10,000 அல்ல, 9,230.

வாடகைக்கு வருவோம். புள்ளிவிவரத்தில் வரும் சராசரி வாடகையை நம்புவதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு. அந்தச் சராசரியில் இருபது வருடமாக ஒரே வீட்டில் இருப்பவரின் பழைய வாடகையும் அடக்கம். சூரிக்கில் ஏறத்தாழ நான்கில் ஒரு வீடு கூட்டுறவுச் சங்கத்துக்கோ நகராட்சிக்கோ சொந்தம், வாடகை குறைவு. புதிதாக வருபவருக்கு அவை எளிதில் கிடைக்காது. 2024 ஜூன் 1 அன்று எடுத்த கணக்கில் சூரிக் நகரில் காலியாக இருந்த வீடுகள் 0.07 சதவீதம். ஆகவே இன்று விளம்பரத்தில் என்ன விலை போட்டிருக்கிறார்களோ அதுதான் உங்கள் வாடகை. குடும்பத்துக்கு ஏற்ற வீடு சூரிக்கில் 3,000 பிராங்குக்குக் குறைந்து கிடைத்தால் அதிர்ஷ்டம். மியூனிக்கில் 2,000 யூரோவை ஒட்டி வரும்.

மியூனிக் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது கால்ட்மீட்டெ, அதாவது ஹீட்டிங், தண்ணீர், குப்பை எதுவும் சேராத வாடகை. அது எல்லாம் சேர்ந்த தொகையைத்தான் பார்க்க வேண்டும். கரன்ட் பில் அதற்கும் மேல். அப்புறம், ஜெர்மனியில் காலி வீடு என்றால் நிஜமாகவே காலி வீடு. பல வீடுகளில் சமையலறை என்ற பெயரில் நான்கு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும் மட்டும் இருக்கும். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் நீங்கள் வாங்கிப் பொருத்த வேண்டும். இல்லையென்றால் காலி செய்துபோகிறவரிடம் பேரம் பேசி எடுத்துக்கொள்ள வேண்டும். சில ஆயிரம் யூரோ அதில் போய்விடும். கூரையில் விளக்கு இருக்காது, இரண்டு ஒயர் தொங்கும். சூரிக்கில் அடுப்பும் ஃபிரிட்ஜும் வீட்டோடு வரும். ஆனால் வாஷிங் மெஷின் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொது, உங்கள் முறை என்றைக்கு என்று அட்டவணை போட்டிருப்பார்கள். அட்வான்ஸ் இரண்டு நாட்டிலும் அதிகபட்சம் மூன்று மாத வாடகை. ஜெர்மனியில் அதை மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வீட்டுக்காரர் தானாகச் சொல்லமாட்டார்.

மனைவியும் வேலைக்குப் போவார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு இரண்டாவது சம்பளத்தைக் கூட்டிக்கொள்பவர்கள் அடுத்த வரியில் குழந்தைகள் காப்பகத்தையும் எழுத வேண்டும். சூரிக்கில் அரசு உதவி இல்லாமல் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 120 முதல் 150 பிராங்க். வாரம் ஐந்து நாள் என்றால் மாதம் 2,500க்கு மேல். இரண்டு குழந்தை என்றால் இரண்டாவது சம்பளம் எங்கே போகும் என்று பாருங்கள். ஜெர்மனியில் இது ஊருக்கு ஊர் மாறும். பெர்லினில் 2018 முதல் காப்பகக் கட்டணமே கிடையாது, சாப்பாட்டுக்கு மட்டும் சிறு தொகை. அங்கே பிரச்சினை பணமல்ல, இடம் கிடைப்பதுதான். சூரிக்கில் நான்கு வயதானதும் கிண்டர்கார்டன் இலவசம். ஆனால் மதியமும் பள்ளி முடிந்த பிறகும் பார்த்துக்கொள்ளத் தனிக் கட்டணம். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, என் கணக்கில், சம்பள வித்தியாசத்தைப் பெருமளவு விழுங்குவது இந்த ஒரு செலவுதான்.

மளிகை, காய்கறிக்குப் பயப்படும் அளவு தேவையில்லை. இறைச்சியும் ஹோட்டல் சாப்பாடும் சூரிக்கில் பகல் கொள்ளை, உண்மை. ஆனால் பொது விற்பனை வரி அங்கே 8.1 சதவீதம், ஜெர்மனியில் 19. போன், லேப்டாப் போன்றவை சூரிக்கில் சில சமயம் மலிவாகக்கூட இருக்கும். சனிக்கிழமை ரயிலேறி எல்லைக்கு அந்தப் பக்கம் கான்ஸ்டன்ஸில் வாங்கி வருபவர்கள் உண்டு. ஆளுக்கு 300 பிராங்க் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்ற பழைய தகவல் இன்னும் சுற்றுகிறது. 2025 ஜனவரி முதல் அது 150.

இதிலிருந்தே இன்னொரு யோசனை பிறக்கும்: கான்ஸ்டன்ஸில் வீடு, சூரிக்கில் வேலை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு நேராக வந்து இதைச் செய்ய முடியாது. ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர் எல்லை தாண்டி வேலைக்குப் போக, ஜெர்மனியில் நிரந்தர வசிப்பு உரிமையும், எல்லைப் பகுதியில் குறைந்தது ஆறு மாதம் குடியிருந்த சான்றும் வேண்டும்.

வரியில் ஒரு விஷயம். "சுக் மாநிலத்தில் வரி குறைவு, அங்கே குடியேறு" என்பார்கள். குறைவுதான், ஆனால் அந்த மிச்சத்தை வாடகையிலேயே பிடுங்கிவிடுவார்கள். வெளிநாட்டவருக்குச் சம்பளத்திலேயே பிடிக்கும் வரி, மாநிலம் முழுவதற்கும் ஒரே சராசரி விகிதம். ஆண்டுச் சம்பளம் 1,20,000 பிராங்கைத் தொட்டால் தனியாகக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அப்போதுதான் நீங்கள் இருக்கும் ஊரின் விகிதம் வந்து சேரும். நம் உதாரணச் சம்பளம் சரியாக அந்தக் கோட்டில் நிற்கிறது.

ரூபாய்க் கணக்கைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன். செலவு பிராங்கில் ஆகும்போது வரவை ரூபாயில் பார்ப்பதால் பயனில்லை. மாதக் கடைசியில் மிஞ்சி ஊருக்கு அனுப்பும் பணத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். அங்கே பிராங்கின் பலம் வேலை செய்யும்: 2007இல் ஒரு யூரோ வாங்க 1.60 பிராங்குக்கு மேல் வேண்டியிருந்தது. 2015 ஜனவரி 15 அன்று யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே இறங்காமல் சுவிஸ் மத்திய வங்கி வைத்திருந்த தடுப்பை எடுத்த பிறகு நிலைமை மாறி, இன்று ஒரு பிராங்க் ஒரு யூரோவைவிட மதிப்பு கூடுதல். கம்பெனி ஓய்வூதிய நிதியில் பிடித்த பணத்தையும் செலவுக் கணக்கில் எழுதாதீர்கள். அது உங்கள் சேமிப்பு. கம்பெனியும் குறைந்தது அதே அளவு போட்டிருக்கும். ஐரோப்பாவை விட்டு ஒரேயடியாக இந்தியா திரும்பினால் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். இந்த நிதிக்குக் கம்பெனி எத்தனை சதவீதம் போடுகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையெழுத்துப் போடும் முன் ஹெச்ஆரிடம் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.